எட்டு சேனல் மிக்சரில் எத்தனை மைக்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பாடிப் பழகவும் பதிவு செய்யவும் குறைந்த விலையில் மிக்சர் (பல மைக்குகள், கருவிகளின் ஒலியைக் கலந்து தரும் பெட்டி) வாங்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தோம். கச்சேரிக்கு மைக் செட் கட்டுவதும் சின்ன அறைகளில் ஒலிப்பதிவு செய்வதும் எங்கள் தொழில். குறிப்பில் இருந்ததில் பெரும்பகுதி சரி. சேனல் (ஒலி உள்ளே வரும் வழி) கூடக்கூட நல்லது என்ற பொருளில் வந்த வரி மட்டும் உறுத்துகிறது. அதை நம்பி ஐந்து ரோட்டுப் பக்கம் கடையேறுகிறவர், வேண்டாததற்கெல்லாம் காசு கொடுத்துவிட்டு, வேண்டியது இல்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், முதல் பாதியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

மிக்சரின் பெயரோடு வரும் எண் மைக்குகளின் எண்ணிக்கை அல்ல. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ என்பதைக் கடையில் 10 சேனல் என்பார்கள். அதில் மைக் போடக்கூடிய இடம் 4. மீதி 6 என்பது, இடது வலது என்று இரண்டிரண்டாகச் சேர்ந்த 3 ஸ்டீரியோ லைன் ஜோடிகள். லைன் என்பது மைக் அல்லாத கருவிகளைப் போடும் துளை. எம்ஜி06-இல் மைக் 2, ஸ்டீரியோ ஜோடி 2, கூட்டினால் 6. பெரிங்கர் ஸெனிக்ஸ் 802-இல் மைக் இரண்டுதான், 1204யூஎஸ்பி-யில் நான்கு. லைன் துளையில் மைக்கைக் குத்தினால் சத்தமே வராது என்பதில்லை, கிணற்றுக்குள் இருந்து வருவது போல் வரும். சாதாரண டைனமிக் மைக் தருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். கீபோர்டு, சுருதிப்பெட்டி, போன் எல்லாம் தருவது அதைப்போல் நூறு மடங்குக்கு மேல். அந்த இடைவெளியை நிரப்புவது மைக் துளைக்குப் பின்னால் இருக்கும் ப்ரீஆம்ப் என்ற பெருக்கி. மிக்சரில் காசு போவது அதற்குத்தான். அதன் தரத்தில்தான் ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் வித்தியாசம். கெயினை (எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகை) முக்கால் பங்கு திருப்பும்போது மலிவான ப்ரீஆம்பில் "உஸ்ஸ்" என்ற இரைச்சல் பாட்டுக்குப் பின்னால் நிற்கும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது, "மூன்று துளை கேனன் சாக்கெட் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் தனி கெயின் திருகு உண்டா?" என்பதே. தனியாகப் பாடுகிறவருக்கு மைக் 1, சுருதிப்பெட்டிக்கோ போனில் ஓடும் தம்புராவுக்கோ ஒரு ஸ்டீரியோ லைன். பாட்டோடு வயலின் சேர்ந்தால் மைக் 2. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒன்று. மூவரும் உட்கார்ந்தால் 4. கீபோர்டுக்கு மைக் துளை வேண்டவே வேண்டாம். வீட்டுப் பயிற்சிக்கு இதற்கு மேல் போவது அபூர்வம். 2 மைக் உள்ள நல்ல மிக்சர், 8 மைக் உள்ள மட்டமான மிக்சரை விட எப்போதும் மேல்.

அடுத்தது யூஎஸ்பி. இந்த ஒரு சொல் பெட்டியின் மேல் மூன்று வெவ்வேறு அர்த்தத்தில் அச்சாகிறது. முதலாவது, பென்டிரைவ் போட்டுப் பாட்டுக் கேட்க மட்டும். ப்ளூடூத்தும் '16 டிஎஸ்பி', '99 டிஎஸ்பி' என்ற எழுத்தும் மின்னும் மலிவுப் பெட்டிகளில் பல இந்த ரகம். தட்டையான பெரிய துளை ஒன்று முகப்பில் இருக்கும். கம்ப்யூட்டரோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டாவது, கம்ப்யூட்டருக்கு இரண்டு தடம் (தனியாகப் பதிவாகும் ஒலிவரி) மட்டும் அனுப்புவது. இதற்கான துளை பிரிண்டர் வயர் போடுவது போலச் சதுரமாகவோ, சி டைப்பாகவோ இருக்கும். மூன்றாவது, ஒவ்வொரு சேனலையும் தனித்தனித் தடமாக அனுப்புவது. விலை குறைந்த மிக்சர்களில் யூஎஸ்பி பதிவு என்று எழுதியிருந்தால் அநேகமாக இரண்டாவது ரகமே. முன்னே சொன்ன எம்ஜி10எக்ஸ்யூ-வும் அப்படித்தான்: 4 மைக் போட்டாலும் கம்ப்யூட்டருக்குப் போவது கலந்து முடிந்த இடது, வலது இரண்டே.

இதன் விளைவு பதிவு முடிந்த பிறகுதான் உறைக்கும். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் ஒரே மாவாக அரைபட்டு உட்கார்ந்திருக்கும். மிருதங்கம் கூடிவிட்டது, குறைக்கலாம் என்றால் முடியாது. குறைத்தால் பாட்டும் சேர்ந்து குறையும். சாதகம் செய்துவிட்டுத் தானே கேட்டுப் பார்ப்பதற்கு இது தாராளமாகப் போதும். பின்னால் உட்கார்ந்து சரிசெய்து யூடியூபில் ஏற்ற வேண்டும் என்றால் போதாது. அப்படிப்பட்டவர் மிக்சரை விட்டுவிட்டு இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்குவது புத்திசாலித்தனம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற சின்னப் பெட்டி இரண்டு துளையையும் இரண்டு தனித் தடமாகவே தரும். மிக்சர்தான் வேண்டும், தடமும் தனித்தனியாக வேண்டும் என்பவர்களுக்கு சவுண்ட்கிராஃப்ட் நோட்பேட் 12எஃப்எக்ஸ் நான்கு தடம் அனுப்பும். ஜூம் லைவ்ட்ராக் எல்-8 எல்லாச் சேனலையும் தனியாகவே பிடிக்கும், எஸ்டி கார்டிலும் பதியும். விலை வேறு உயரத்தில் இருக்கும்.

இரண்டு தட மிக்சரை வைத்துக்கொண்டே தனித்தனியாகப் பதிய ஒரு குறுக்கு வழி உண்டு. ஒலியை இடது வலது என்று நகர்த்தும் பேன் திருகைப் பாட்டுக்கு முழு இடது, மிருதங்கத்துக்கு முழு வலது என்று வைத்துவிட்டால், கம்ப்யூட்டரில் இரண்டும் இரண்டு தடமாக இறங்கும். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். இரண்டு பேர் வரைக்கும் இது நன்றாக நடக்கும். விண்டோஸில் ஒரு சிக்கல்: சில மிக்சர்களை அது ஒற்றை மைக் என்று நினைத்து மோனோவாக எடுத்துக்கொள்ளும். ரெக்கார்டிங் சாதனத்தின் அமைப்புக்குள் போய் 2 சேனல் என்று மாற்றினால்தான் பிரிவு கிடைக்கும்.

எக்கோ, ரிவெர்ப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மிக்சரை விற்பதே அதைக் காட்டித்தான். கடைக்காரர் எஃபெக்டைத் திருகி "ஹலோ" சொன்னதும் கோயில் மண்டபத்தில் பாடுவது போல் இருக்கும், கை தானாகப் பர்ஸுக்குப் போகும். அந்த எஃபெக்ட் கலவையோடு சேர்ந்து பதிவிலும் ஏறிவிடும். ஏறியதை எடுக்க வழியில்லை. பதிவை உலர்ந்ததாக எடுத்துக்கொண்டு, மணத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் சேர்ப்பதே முறை. காதில் எஃபெக்ட் இல்லாவிட்டால் பாட வராது என்பவர்கள், பதிவுக்கு வேறு, காதுக்கு வேறு என்று பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யமஹா ஏஜி03-இல் கம்ப்யூட்டருக்கு எதை அனுப்புவது என்பதற்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது. டிரை என்று வைத்தால் எஃபெக்ட் படாத குரல் போகும். மைக் ஒன்றுதான் அதில். தனியாகப் பாடுகிறவருக்கு அது குறையில்லை. யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடுவதால் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளிலும் லேப்டாப் பேட்டரியில் வேலை நடக்கும்.

கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் ஓடும், நுட்பமாகப் பிடிக்கும் ரகம்) வாங்கினால் மிக்சரில் 48 வோல்ட் ஃபேன்டம், அதாவது மைக் வயர் வழியாகவே போகும் மின்சாரம், இருக்க வேண்டும். 48 என்றே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில குட்டி மிக்சர்கள் 15 வோல்ட் அளவில் ஏதோ ஒன்றைத் தந்துவிட்டு ஃபேன்டம் என்று போட்டுக்கொள்ளும். சில மைக் அதில் ஓடும், சில மைக் முனகும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பிஎம்-800 ரக மைக்கோடு ஒரு பக்கம் கேனன், மறு பக்கம் ஈபி பின் உள்ள வயர் வரும். அந்த வயரில் போட்டுவிட்டு "மைக் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர். ஃபேன்டம் போக வேண்டுமானால் இரு பக்கமும் கேனன் உள்ள மூன்று இழை வயர் வேண்டும். உள்ளே 1 ஷீல்டு, 2 பிளஸ், 3 மைனஸ். சின்ன மிக்சரில் எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒரே ஃபேன்டம் பொத்தான்தான் இருக்கும். பக்கத்துத் துளையில் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் நல்ல வயரில் இருந்தால் ஒன்றும் ஆகாது. ரிப்பன் மைக், கையால் ஒட்டுப்போட்ட வயர் இருந்தால் கழற்றிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். வால்யூமை இறக்கி, அழுத்தி, பத்து எண்ணி, பிறகு ஏற்றுங்கள். அணைத்த பிறகும் மைக்கைப் பிடுங்குவதற்கு முன் அதே பத்து.

சேலத்து வீடுகளுக்கு எங்களைக் கேட்டால் கண்டென்சரை விட டைனமிக்கே நல்லது. காரணம் தறி. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் சுவருக்கு அந்தப் புறம் விசைத்தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருக்கும். கண்டென்சர் அதையும் குரலையும் ஒரே ஆசையோடு பிடிக்கும். டைனமிக்கை வாயிலிருந்து ஒரு சாணுக்குள் வைத்துப் பாடினால் குரல் முன்னால் வந்து தறி பின்னால் போகும். மிக்சரில் உள்ள 80 ஹெர்ட்ஸ் லோ கட் பொத்தானை (அதற்குக் கீழுள்ள கனமான ஓசையைக் குறைப்பது) அழுத்தினால் தரை வழியாக வரும் அதிர்வும் ஃபேன் காற்றின் உறுமலும் குறையும். நாடா அடிபடும் "டக்" அதில் அடங்காது. அது மேலிருந்து கீழ் வரை எல்லா அலைவரிசையிலும் பரவிய ஓசை. லோ கட் பாட்டைக் கெடுக்குமோ என்று பயப்பட வேண்டாம்: ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலின் மந்திர பஞ்சமமே (கீழ் ஸ்தாயிப் பஞ்சமம்) சுமார் 98 ஹெர்ட்ஸ். தொப்பிக்கு வைத்த மைக்கில் மட்டும் லோ கட் போடாதீர்கள், கும்கி என்ற அந்தக் கனமான நாதம் செத்துவிடும்.

அறை எதிரொலியையும் மிக்சர் தீர்க்காது. மொசைக் தரை, பெயின்ட் அடித்த சுவர், பீரோ கண்ணாடி உள்ள அறையில் எந்த மைக்கும் குளியலறைக் குரல்தான் தரும். முட்டை அட்டை ஒட்டுவதால் பயன் மிகக் குறைவு. பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்து, பாடுகிறவருக்குப் பின்னால் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டினால் பாதிப் பலன்தான். இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தால் இன்னும் நல்லது.

வீணைக்கும் வயலினுக்கும் ஒட்டுகிற பிக்கப்பை நேரே லைன் துளையில் போட்டால் ஒலி தகரம் மாதிரி வரும். பீசோ பிக்கப்புக்குச் சுமார் 1 மெகா ஓம் எதிர்ப்புள்ள துளை வேண்டும். மிக்சர் லைன் துளை பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவுதான், அதனால் கனமான ஓசை முழுக்க வடிந்துவிடும். ஹை-இஸட் அல்லது கிட்டார் என்று எழுதிய சுவிட்ச் உள்ள சேனலில் போடுங்கள்; இல்லையென்றால் நடுவில், பிக்கப் ஒலியை மைக் துளைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸ் ஒன்று. நாதஸ்வரம், தவில் பழகுகிறவர்களுக்கு எதிர்மாறான சிக்கல். கெயினை முழுக்க இறக்கினாலும் சிவப்பு விளக்கு எரியும். அவர்கள் உள்ளே வரும் ஒலியைக் குறைக்கும் பேட் சுவிட்ச் உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும். எம்ஜி வரிசையில் அது 26 டெசிபல் குறைக்கும்.

வயர் கடையில் ஈபி என்றால் 3.5 மில்லிமீட்டர், பி-38 என்றால் கிட்டார் வயரில் இருக்கும் பெரிய பின். போனிலிருந்து தம்புராவையோ கரோக்கியையோ எடுக்க ஒரு ஸ்டீரியோ ஈபி, அதிலிருந்து பிரிகிற இரண்டு மோனோ பி-38 உள்ள வயர் வேண்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. இரண்டு பக்கமும் ஸ்டீரியோ உள்ள ஒற்றை வயரை எடுத்து மோனோ சேனலில் குத்திவிடுவார்கள். கரோக்கியில் இசை மட்டும் ஏதோ பேய் மாதிரி கேட்கும், நடுவில் இருக்கும் குரலும் தம்புராவும் காணாமல் போகும். வயர் கெட்டுவிட்டது என்று இன்னொன்று வாங்குவார்கள், அதுவும் அப்படியே. மோனோ துளை பேலன்ஸ்டு என்பதால் அது பிளஸிலிருந்து மைனஸைக் கழிக்கிறது. இடதும் வலதும் ஒன்றாக இருக்கிற ஓசையெல்லாம் கழிபட்டுப் பூஜ்யமாகிவிடுகிறது. ஸ்டீரியோ ஜோடியில் போட்டால் சரியாகிவிடும். மோனோ ஓசை தருகிற சுருதிப்பெட்டிக்கு இடப்பக்கத் துளை மட்டும் போதும், பெரும்பாலான மிக்சர்களில் அதுவே இரு பக்கமும் பரவும்.

மிக்சரின் மெயின் அவுட்டை அப்படியே போனின் மைக் துளைக்குள் கொடுக்காதீர்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வருவதைச் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்த துளையில் திணிப்பது அது. குரல் உடைந்து கரகரக்கும். ஓடிஜி (போனில் யூஎஸ்பி சாதனங்களை மாட்டும் இணைப்பு) வழியாக யூஎஸ்பி-யில் கொடுப்பதே சுத்தம்.

லெவல் வைக்கும் முறையைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபேடரையோ (மேலும் கீழும் தள்ளும் ஒலி அளவுப் பிடி) லெவல் திருகையோ முதலில் பூஜ்யக் குறியில் வைத்துவிடுங்கள், மாஸ்டரையும் அப்படியே. கெயின் முழுக்க இறங்கியிருக்கட்டும். பாடுவதிலேயே உச்சமான இடத்தை, தார ஸ்தாயி சஞ்சாரத்தை, நின்று பாடச் சொல்லுங்கள். "செக் செக்" என்று சொல்லி லெவல் வைத்தால் பாட்டில் எகிறும். பீக் விளக்கு கண் சிமிட்டும் வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கி நிறுத்துங்கள். கம்ப்யூட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, சராசரி மைனஸ் 18 அருகே நின்றால் போதும். 24 பிட்டில் பதியும்போது குறைவாகப் பதிவதால் நஷ்டமில்லை, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உடைந்த குரலை ஒட்ட முடியாது.

குரல் காதில் இரண்டு தடவை கேட்கிறதா? மிக்சர் நேராகத் தருவது ஒன்று, கம்ப்யூட்டர் சுற்றிவந்து தருவது இன்னொன்று. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலித் துண்டு) 1024 என்று இருந்தால் அந்த ஒரு சுற்றுக்கே 21 மில்லிசெகண்ட் தாமதம். தாளம் போடுகிறவருக்கு அது வழுக்குவது போல் இருக்கும். மென்பொருளில் இன்புட் மானிட்டரை அணைத்துவிட்டு மிக்சர் தருவதை மட்டும் கேளுங்கள். மிக்சர் வாங்குவதன் பெரிய லாபமே இந்தத் தாமதமில்லாத கேட்பு. ப்ளூடூத் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் அந்த லாபமும் போய்விடும். வயர் உள்ள, காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன்தான் வேண்டும். மிக்சரில் ஹெட்ஃபோன் துளை ஒன்றுதான் இருக்கும். மூன்று பேர் பழகுவதானால் பெரிங்கர் எச்ஏ400 போல நான்காகப் பிரித்துத் தரும் சின்ன ஆம்ப் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

சென்னையில் இருக்கும் குருவிடம் ஜூம் வீடியோ செயலியில் கற்கும் பிள்ளைகளுக்கு மிக்சரில் இன்னொரு நன்மை. சுருதியும் குரலும் இங்கேயே கலந்து போவதால் அங்கே சேர்ந்தே போய்ச் சேரும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் அது தம்புராவை ஃபேன் சத்தம் என்று எண்ணி வடிகட்டிவிடும். குருவின் குரல் யூஎஸ்பி வழியாகத் திரும்பி வந்து மறுபடி அவருக்கே போனால் அவர் காதில் எதிரொலி அடிக்கும். யூஎஸ்பி-யில் வருவதை ஹெட்ஃபோனுக்கு மட்டும் அனுப்பும் சுவிட்ச் உள்ள மிக்சரில் இந்தத் தொல்லை இல்லை.

இனி 'ம்ம்ம்' என்ற ஹம். எங்களிடம் வரும் புகாரில் முதலிடம் இதற்குத்தான். பத்தில் எட்டு முறை மிக்சர் மேல் குற்றமிருக்காது. முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஓசை நின்றால் வழி தெரிந்துவிட்டது: பேட்டரியில் பதியுங்கள், அல்லது மிக்சர், லேப்டாப், கீபோர்டு, ஸ்பீக்கர் அனைத்தையும் எர்த் உள்ள ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். நிற்காவிட்டால் எல்லா வயரையும் கழற்றி, ஹெட்ஃபோனில் வெறும் மிக்சரைக் கேளுங்கள். அமைதியாக இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள், எது மாட்டும்போது வருகிறதோ அங்கேதான் நோய். ஃபேன் ரெகுலேட்டரும் மலிவு எல்இடி பல்பும் சந்தேகப் பட்டியலில் உண்டு. ஹம் போக எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்கிற ஆள் யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். ஹம் போகும், ஒரு நாள் மைக்கில் உதடு பட்டவரும் போவார்.

கரண்ட் போனால் ஓடும் வீட்டு யூபிஎஸ் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் உறுமும், சூடாகும். சைன் வேவ் என்றால் கவலையில்லை. தறி ஏறும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களிலும் அதே அடாப்டரால் ஹம் வரும்; அங்கே ஒரு ஸ்டெபிலைசர் தேவைப்படலாம்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தறித் தொல்லை கிடையாது. 1,500 மீட்டர் உயரத்தில் அவர்களுக்கு ஈரம். மூடுபனிக் காலத்தில் ஜன்னல் திறந்த அறையில் மிக்சரை மூடாமல் வைத்தால் ஒரே பருவத்தில் ஃபேடரும் திருகும் கரகரக்கத் தொடங்கும். கண்டென்சர் மைக்கின் தலைக்குள் ஈரம் ஏறினால் அப்பளம் பொரிகிற மாதிரி வெடிக்கும். பலர் மைக் போய்விட்டது என்று வீசிவிடுகிறார்கள். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு நாள் வைத்தால் அநேகமாகத் திரும்பி வந்துவிடும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் சமையல் வாணலியில் வேண்டாம். தேவாலயப் பாடற்குழுவினர் மலையிலிருந்து சாமானோடு சேலம் இறங்கினால் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். குளிர்ந்த பெட்டியைச் சூடான காற்றில் திறந்தால் உள்ளே வியர்க்கும். கரகரக்கும் திருகுக்கு எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடியுங்கள். தையல் மிஷின் எண்ணெய் அடித்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துக்கொண்டு முன்பை விட மோசமாகும். சித்திரை வைகாசியில் இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும்.

பணத்தைப் பங்கு போடுவது பற்றி எங்கள் கணக்கு: கையில் 10 ரூபாய் இருந்தால் மிக்சருக்கு 4, மைக்குக்கு 3, ஹெட்ஃபோனுக்கு 2, வயருக்கும் ஸ்டாண்டுக்கும் 1. மிக்சருக்கே 8 போட்டுவிட்டு மீதியில் மைக் வாங்குவதுதான் வழக்கமாக நடப்பது. வாங்கும்போது சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வாரன்டிக்கு அது இல்லாமல் வாய்ப்பேச்சு செல்லாது.

மைக் செட் கடைகளில் பழைய மிக்சர் விலைக்கு வரும். மோசமில்லை, பார்த்து வாங்கினால் புதிய மலிவுப் பெட்டியை விட நல்லது கிடைக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு திருகையும் கடைசி முதல் கடைசி வரை திருப்பிக் கேளுங்கள். எல்லா மைக் துளையிலும் ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே கெயினில் ஒரே சத்தம் வருகிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஃபேன்டமைப் போட்டு, கேனன் துளையின் 1-க்கும் 2-க்கும் இடையிலும், 1-க்கும் 3-க்கும் இடையிலும் அளந்து பாருங்கள். 44-க்கும் 52-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டு அளவும் அநேகமாக ஒன்றாக இருக்க வேண்டும். அடாப்டர் அதனுடையதுதானா என்பதைக் கடைசியாக, கட்டாயமாகப் பாருங்கள். இந்தச் சிறு மிக்சர்கள் பலவற்றின் அடாப்டர் தருவது டிசி இல்லை, மூன்று பின்னில் வரும் ஏசி. எம்ஜி06, எம்ஜி10எக்ஸ்யூ இரண்டுக்கும் பிஏ-10 என்ற அடாப்டர். வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் ரவுட்டர் அடாப்டரின் பின்னை வெட்டி ஒட்டி இதை ஓட்ட முடியாது. அடாப்டர் தொலைந்த மிக்சரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், சரியான அடாப்டர் கிடைக்குமா, என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் இருவர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.